இண்டைக்குக் கப்பல் இல்லை

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
18 ஜனவரி 2009

சேசு மரி சூசை துணை

அன்பான பெரியண்ணைக்கு,

தங்கச்சி றெஜினா எழுதுறன். நானும் இவரும் பிள்ளையளும் சுகம். உங்கட தொண்டை ஒப்பிரேசன் செய்த இடம் இப்ப எப்பிடி? பனிக்குள்ள வெளிக்கிட்டால் கழுத்துக்குத் துணி சுத்திக்கொண்டு போங்கோ. உங்கட குரல் போனாப் பிறகு போன் எடுத்து என்ன பிரயோசனம் எண்டுதான் திரும்பவும் பேனையைத் தூக்கினனான். எழுத எழுத இதுவும் பழகிப் போச்சு.

சின்னண்ணையின்ர பாடு ஏதும் தெரியுமோ? அடம்பனில இருந்து இடம்பெயர்ந்து அவரும் கிறிஸ்ரினா மச்சாளும் தருமபுரத்தில நிக்கினம் எண்டு நத்தார்ப் பண்டிகைக்கு எழுதியிருந்தீங்கள். கிளிநொச்சி விழுந்தாப் பிறகு இஞ்ச ஒருத்தருக்கும் சாப்பாடு இறங்குதில்லை. இவர் பிறம்ரனில வெயர்ஹவுஸ் வேலைக்குப் போற வழியெல்லாம் றேடியோ கேட்டுக்கொண்டுதான் கார் ஓடுறார்.

இன்னொரு விசயம். போன சனிக்கிழமை எங்கட பில்டிங் லோன்றி றூமில உடுப்பு மடிச்சுக்கொண்டு நிண்டன். பக்கத்து மெஷினில ஒரு இந்தியா அக்கா. அன்னம் எண்டு பேர். மகன் ஹரிஷ் பாங்கில கொம்பியூட்டர் வேலை, தாயைப் போன வருசந்தான் கூப்பிட்டவர். நான் செய்திக்காகச் சின்ன றேடியோவைப் போட்டு வைச்சிருந்தன். செய்திக்கு முன்னம் உங்கட பாட்டைப் போட்டாங்கள்.

இண்டைக்குக் கப்பல் இல்லைக் கொழுந்தே
இன்னும் அலை ஓயவில்லைக் கொழுந்தே

அவ்வளவுதான். அந்த அக்கா கையில பிடிச்ச துவாயோட விறைச்சுப்போய் நிண்டா. "நிறுத்தும்மா. அத நிறுத்து." நான் பயந்து நிப்பாட்டினன்.

"ஏனக்கா, ஆடுற பாட்டெல்லோ? எங்கட கலியாண வீடெல்லாம் இதுதான்."

"ஆடுறவங்களுக்கு ஆடுற பாட்டு." துவாயை மடிச்சு வைச்சிட்டுக் கேட்டா, "இத யாரு பாடினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பாடினது என்ர பெரியண்ணை. எழுதினது சின்னண்ணை."

"அகஸ்ரினா?"

அந்த றெக்கோட்டில உங்கட பேர்தானே இருந்தது! எழுதினவரின்ர பேரை எங்கட ஊராக்களே மறந்து போச்சினம். எப்பிடித் தெரியும் எண்டு கேட்க முதல் ஈர உடுப்பை மெஷினிலயே விட்டிட்டுப் போட்டா. ஆரண்ணை இவ?

கர்த்தர் உங்களைக் கைவிடமாட்டார். பதில் போடுங்கோ.

அன்புத் தங்கச்சி,
றெஜினா

*

மன்னார்
9 பெப்ரவரி 2009

அன்புத் தங்கச்சி றெஜினாவுக்கு,

அண்ணன் றெமிஜியஸ் எழுதிக்கொள்வது. உன்ர கடிதம் பிரிச்சு ஒட்டின அடையாளத்தோட வந்து சேர்ந்தது. வந்ததே பெரிய காரியம். என்ர உடம்புக்குப் பெரிசாய்க் குறை ஒண்டும் இல்லை. கழுத்து ஓட்டைக்குள்ள தூசி போகாமல் பார்த்தால் சரி. நீயும் இக்னேசியஸும் பிள்ளையளும் சுகமாய் இருக்க வேணும் எண்டு ஒவ்வொரு நாளும் பூசையில நினைக்கிறன்.

அகஸ்ரினும் கிறிஸ்ரினாவும் உயிரோட இருக்கினம். மாதக் கடைசியில ஒரு சுவாமியார் மூலம் சேதி வந்தது. உடையார்கட்டுப் பக்கம் நிண்டவை. இதுக்கு மேல எழுதமாட்டன், நீ விளங்கிக்கொள்.

அன்னம் எண்ட பேரை நான் கேள்விப்படேல்லை. ஆனால் கொழுந்து எண்டு ஒருத்தி இருந்தவ. அது பாட்டுக்காகக் கட்டின பேர் இல்லை. உனக்கு அப்ப பதினாலு வயது, ஒண்டும் தெரிஞ்சிருக்காது.

எழுபத்திரண்டு மார்கழி. அகஸ்ரின் தலைமன்னார் பியர் கப்பல் பாலத்தில, தியாகலிங்கத்தாரின்ர கன்ரீனில வேலை செய்துகொண்டு நிண்டவன். மலைநாட்டுத் தோட்டங்களில இருந்து சனத்தைக் கோச்சி றெயிலில ஏத்திக்கொண்டு வந்து பியரில இறக்குவாங்கள். இந்தியாவுக்கு அனுப்ப. இஞ்ச பிறந்து வளர்ந்த சனம், ஆனால் பிரசை இல்லையாம். அந்த முறை வாடைக்காத்து மூர்க்கமாய் அடிச்சது. கப்பல் வரேல்லை. ஒரு கிழமைக்கு மேல அந்தச் சனம் சுங்கக் கொட்டகைக்குள்ள சாக்கு விரிச்சுக் கிடந்தது.

காலமை காலமை இவன்தான் ஒப்பீசில கேட்டுக்கொண்டு வந்து, பிளேன்ரீ வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள்ள போய்ச் சொல்லுவான்: இண்டைக்குக் கப்பல் இல்லை. சனம் தலையில கையை வைச்சுக்கொண்டிருக்க இவன் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பி வருவான். "அதுகள் அழுகுதுகள், உனக்கென்னடா இளிப்பு?" எண்டு தியாகலிங்கத்தார் ஏசுறதை நானே கண்டிருக்கிறன். அந்தக் கூட்டத்தில ஒரு பெட்டையை இவன் கொழுந்து எண்டு கூப்பிட்டதும் தெரியும். முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை.

அந்த அக்காவிட்ட ஆறுதலாய்க் கேள். வற்புறுத்தாதை.

ஆண்டவரின் இரக்கம் உங்கள் எல்லார் மேலும் இருக்கட்டும்.

அண்ணன்,
றெமிஜியஸ்

*

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
1 மார்ச் 2009

அன்பான பெரியண்ணைக்கு,

உங்கட கடிதத்தைக் கண்ணில ஒத்திக்கொண்டன். எல்லாரும் சுகம். எனக்கு மட்டும் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கு எண்டு டொக்டர் சொன்னவர். ஆருக்குத்தான் ஏறேல்லை?

அன்னம் அக்காதான் கொழுந்து.

நான் தேடிப்போகேல்லை. அவவே ஒரு நாள் பின்னேரம் கதவைத் தட்டினா. கையில ஒரு டப்பாவில முறுக்கு. உங்கட கடிதத்தை வாசிச்சுக் காட்டினன். வாளியில பிளேன்ரீ எண்ட இடம் வந்ததும், "சீனி கரஞ்சிருக்காது, அடியிலயே கெடக்கும்" எண்டு சொல்லி ஒருக்காச் சிரிச்சா. பிறகுதான் சொல்லத் தொடங்கினா. அவ சொன்னபடியே எழுதுறன்.

"கப்பல் இல்லன்னு அவரு வந்து சொல்றப்ப என் மூஞ்சியத்தான் பாப்பாரு. எங்கப்பாவுக்கு அழுகை, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். பாவி மாதிரி இருக்கும். கடைசில காத்து நின்னுச்சு. கப்பல் வந்துருச்சு. அவரு கப்பல் பாலத்துல ஓரமா நின்னாரு. நான் அப்பா பாஸ்போட்டுல இருந்த பொண்ணு, என்ன செய்ய முடியும்? மண்டபம் கேம்புல எறங்கின பத்தாம் நாளு அப்பா போயிட்டாரு. எங்களக் கொடைக்கானல் மலைக்குச் சவுக்கு வெட்டக் கூட்டிட்டுப் போனாங்க. முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட வேலை. அங்க என் தம்பிக்குக் காய்ச்சல். ஒம்பது வயசு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக விடல. அவனப் பொதச்சிட்டு மலையில இருந்து எறங்கி வாரோம், டீக்கடை ரேடியோவுல இந்தப் பாட்டு. பசங்க டான்ஸ் ஆடுறாங்க. கொழுந்தே கொழுந்தேன்னு."

அண்ணை, அவ அழேல்லை. நான்தான் அழுதன்.

"இலங்கை ரேடியோதான் அப்பல்லாம் எங்க பக்கமெல்லாம் கேக்கும். எங்க போனாலும் அந்தப் பாட்டு. எங்க கொட்டகைய, எங்கப்பா அழுததை, ஊரு ஆடுறதுக்கு வித்துட்டான்னு நெனச்சேன். அப்புறம் கல்யாணம் ஆச்சு, ஹரிஷ் பொறந்தான், அவங்கப்பா நல்ல மனுசன். நான் ஒண்ணும் இவரயே நெனச்சுக்கிட்டுக் கெடக்கல றெஜினா. ஆனா அந்தப் பாட்டு வந்தா ரேடியோவ அணைச்சிருவேன். இன்னிக்கு வரைக்கும்."

போகேக்க வாசலில நிண்டு ஒண்டு கேட்டா. "உங்கண்ணன் உசுரோட வெளிய வந்தா எனக்காக ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. எதுக்காக அதச் சிரிக்கிற பாட்டா ஆக்கினாரு?"

நீங்கள் கூடவே நிண்டனீங்கள். உங்களுக்குத் தெரியாதோ?

செபத்தில நினைச்சுக்கொள்ளும்,
றெஜினா

*

மன்னார்
24 மார்ச் 2009

அன்புத் தங்கச்சிக்கு,

பிரஷர்க் குளிசையை விடாமல் போடு. இஞ்ச வெய்யில் தொடங்கிவிட்டது. நான் நடமாடித் திரியிறன்.

நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரிஞ்சதை எழுதுறன். பாட்டை அவன் எனக்கு முதல் பாடிக்காட்டினதே வேகமாய்த்தான். கொழும்பில றெக்கோட் பண்ணப் போன இடத்தில இசை அமைக்க வந்தவர் வரியளை வாசிச்சிட்டு, "தம்பி, இது சோகப் பாட்டு, மெதுவாய்ப் போனால் நல்லாயிருக்கும்" எண்டு சொன்னவர். எனக்கும் அதுதான் சரியாய்ப் பட்டது. அகஸ்ரின் எழும்பி நிண்டுவிட்டான். "ஆடுற மாதிரி இல்லாட்டில் பாட்டுத் தரமாட்டன்" எண்டான். அவன் ஆரோடயும் சண்டை பிடிக்கிறவன் இல்லை, உனக்குத் தெரியும். அண்டைக்குப் பொங்கோஸ் மேளம் அடிக்கிறவனைத் தானே கூட்டிக்கொண்டு வந்து இருத்தினான்.

"ஏன்டா?" எண்டு கேட்டன். "பிறகு சொல்லுறன் அண்ணை" எண்டான். சொல்லேல்லை. பாட்டு ஓடின ஓட்டத்தில நானும் கேட்க மறந்து போனன்.

அந்த அக்காவுக்குச் சொல்லு, விக்கிறதுக்காகச் செய்த ஆள் இல்லை அவன். றெக்கோட் ஓடினாப் பிறகும் கன்ரீனில வாளிதான் தூக்கினவன். அவனிட்டயே கேட்பம். செஞ்சிலுவைச் சங்கத்தின்ர சேதித் துண்டு ஒண்டில எழுதிக் குடுத்திருக்கிறன். "கொழுந்து கனடாவில இருக்கிறா, சுகம், ஏன் ஆடுற பாட்டு எண்டு கேட்கிறா" எண்டு. அவன் வாசிச்சால் விளங்கும். அவையள் இப்ப மாத்தளன் கடற்கரைப் பக்கம் எண்டு கேள்வி.

இறைவன் துணை.

றெமிஜியஸ்

*

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
21 ஏப்ரல் 2009

பெரியண்ணை,

சுகம் கேட்டு எழுதப் பொறுமை இல்லை, மன்னியுங்கோ. நேற்று மாத்தளனால கனசனம் வெளியில வந்ததாம் எண்டு ரீவியில காட்டினாங்கள். தண்ணிக்குள்ளால, பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு. நான் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தன். வெள்ளைத் தாடி வைச்ச ஒருத்தரைக் கண்டு கத்திப்போட்டன். அது அவர் இல்லை.

அன்னம் அக்காவும் எனக்குப் பக்கத்தில இருந்து பார்த்தா. இப்ப ஒவ்வொரு நாளும் வாறா. சேதித் துண்டில அவவைப் பற்றி நீங்கள் எழுதினதைச் சொன்னன். "கெடச்சிருக்குமா?" எண்டு மட்டும் கேட்டா.

அவையள் வந்திட்டினமோ? செட்டிகுளம் முகாமில பேர் விசாரியுங்கோ. வவுனியா ஆஸ்பத்திரியிலயும் விசாரியுங்கோ.

றெஜினா

*

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
24 மே 2009

அன்பான பெரியண்ணைக்கு,

உங்களிட்ட இருந்து இரண்டு மாதமாய்க் கடிதம் இல்லை. நீங்கள் சுகமோ? நாங்கள் இருக்கிறம்.

எல்லாம் முடிஞ்சுது எண்டு சொல்லிப்போட்டாங்கள். கடைசிக் கிழமையளில சண்டையை நிப்பாட்டச் சொல்லி நாங்கள் றோட்டிலதான் நிண்டனாங்கள். அன்னையர் தினத்தண்டு சனம் ஹைவேயில ஏறி இருந்தது. அன்னம் அக்காவும் என்னோட வந்தா. ஹரிஷ் போன் எடுத்து, "அம்மா, அது நம்ம பிரச்சினை இல்ல, வீட்டுக்கு வா, போலீஸ் புடிச்சா விசா என்னாகும்?" எண்டு கத்தினது எனக்கும் கேட்டுது.

"நான் அந்த நாட்டுலதான்டா பொறந்தேன்" எண்டு சொல்லிப்போட்டு போனை நிப்பாட்டினா.

பக்கத்து பில்டிங்கில மகேஸ்வரன் அண்ணையின்ர குடும்பத்தில அஞ்சு பேர் இல்லையாம். எங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை. தெரியாமல் இருக்கிறது நல்லதோ கூடாதோ எண்டு எனக்கு விளங்கேல்லை. ஒரு வரி எழுதுங்கோ.

உங்கள் தங்கச்சி,
றெஜினா

*

மன்னார்
15 ஜூன் 2009

அன்புத் தங்கச்சிக்கு,

உன்ர இரண்டு கடிதமும் ஒண்டாய்க் கிடைச்சது. நான் சுகம். காய்ச்சல் ஒண்டு வந்து போனதால உடன பதில் எழுத முடியேல்லை.

இஞ்ச இந்த முறை கத்தரிக்காய் நல்ல மலிவு. கோயில் கூரைக்கு ஓடு மாத்தினவை. மடுத் திருவிழாவுக்குச் சனத்தை விடுவினம் எண்டு கதைக்கினம்.

முகாமில பேர் எடுக்கிறது கஷ்டம். சுவாமிமாரும் முயற்சி செய்யினம். கிறிஸ்ரினா அங்க இருக்கிறா எண்டு தெரிய வந்திருக்கு. பார்க்க விடேல்லை.

உங்கட பங்குக் கோயிலில ஒரு பூசை குடு. எங்கட குடும்பத்தவைக்கு எண்டு பொதுவாய்ச் சொல்லு, காணும். உன்ர உடம்பைப் பார்.

றெமிஜியஸ்

*

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
12 ஜூலை 2009

பெரியண்ணை,

உங்கட சுகத்துக்கு எண்டும் மன்றாடுறன்.

போன கடிதத்தைப் பலமுறை வாசிச்சிட்டன். கத்தரிக்காய் விலை எழுதியிருக்கிறீங்கள். கோயில் ஓடு எழுதியிருக்கிறீங்கள். கிறிஸ்ரினா மச்சாள் முகாமில இருக்கிறா எண்டு எழுதியிருக்கிறீங்கள். அகஸ்ரின் எண்ட பேர் அந்தக் கடிதத்தில ஒரு இடத்திலயும் இல்லை.

பொதுவாய்ச் சொல்லு எண்டால் என்ன கருத்து? உயிரோட இருக்கிறவருக்குக் குடுக்கிற பூசை வேற, மற்றது வேற. சுவாமி என்னைக் கேட்டவர், "எதுக்கு எழுத அம்மா?" எண்டு. நான் திரும்பி வந்திட்டன். பூசை குடுக்கேல்லை.

அன்னம் அக்கா கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டா. வாசிச்சன். முழுக்கக் கேட்டிட்டு, "உங்கண்ணனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு" எண்டா.

தெரிஞ்சால் எழுதுங்கோ. நான் தாங்குவன்.

றெஜினா

*

மன்னார்
17 ஓகஸ்ட் 2009

தங்கச்சி,

எல்லாரும் சுகம் எண்டு நம்பிறன்.

செட்டிகுளத்துக்குப் போய் வந்தன். கிறிஸ்ரினாவைக் கண்டன். இரண்டு வரிசை முள்ளுக்கம்பி. அங்கால அவையள், இஞ்சால நாங்கள், நடுவில பத்து யார் தூர வெளி. எல்லாரும் ஒரே நேரத்தில குளறுகினம். அம்மா எண்டுறான் ஒருத்தன், அவன்ர அம்மாவுக்குக் கேட்கேல்லை. நான் குளற ஏலாதவன். ஒரு அட்டைப்பெட்டியைக் கிழிச்சு எழுதித் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சன். அவ வாசிச்சா. ஏதோ சொன்னா. சத்தத்தில ஒண்டும் பிடிபடேல்லை. ஆமிக்காரன் நேரம் முடிஞ்சுது எண்டு கலைச்சுப்போட்டான்.

ஆள் மெலிஞ்சு போனா. ஆனால் நடக்கிறா.

என்னை நெருக்காதை. அவவை வெளியில எடுக்க அலையிறன். அவவின்ர வாயால கேட்காத ஒண்டை நான் என்ர கையால எழுதமாட்டன்.

றெமிஜியஸ்

*

மன்னார்
26 ஒக்ரோபர் 2009

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சி றெஜினாவுக்கு,

நீயும் இக்னேசியஸும் பக்கத்தில இருந்து இதை வாசியுங்கோ.

கிறிஸ்ரினா போன கிழமை வெளியில வந்திட்டா. என்னோடதான் இருக்கிறா. அகஸ்ரின் இல்லை. ஏப்ரல் மாதம், பெரிய வெள்ளிக்கு முதல் கிழமை மோசம் போனவன்.

மே மாதமே எனக்குக் காதில விழுந்தது. விடத்தல்தீவுப் பெண் ஒருத்தி காயத்தோட கப்பலில திருகோணமலைக்குப் போய், அங்கயிருந்து மன்னாருக்கு வந்தவ. அவ சொன்னவ. ஆளை மாறிச் சொல்லுறாவோ எண்டு நம்பாமல் கிடந்தன். முள்ளுக்கம்பிக்கு இஞ்சால நிண்டு நான் அட்டையில எழுதினது அவன்ர பேரும் ஒரு கேள்விக்குறியும். கிறிஸ்ரினா அதை வாசிச்சிட்டுச் சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினா. தாலி இல்லை. அப்பவும், கள்ளருக்குப் பயந்து கழட்டியிருப்பாவோ எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் பஸ் ஏறினன்.

இனி அவ சொன்னது. மாத்தளனில தண்ணிக்கு வரிசையில நிக்கேக்க ஷெல் விழுந்தது. அவனுக்குத் தொடையில காயம். ஆஸ்பத்திரி எண்டு இருந்த பள்ளிக்கூடத்தில கட்டுப் போட்டுவிட்டு, காயக்காரரை ஏத்துற செஞ்சிலுவைக் கப்பலுக்குப் பேர் பதிஞ்சு கடற்கரையில கொண்டுபோய்க் கிடத்தினவை. ஷெல்லடியால கப்பல் கரைக்கு நெருங்க ஏலாமல் நிண்டிட்டுது. காலமை ஒரு பொடியன் வந்து எல்லாருக்கும் சொன்னானாம், இண்டைக்குக் கப்பல் இல்லை எண்டு. சுத்தவர இருந்த சனம் குளறியிருக்கு. அகஸ்ரின் சிரிச்சவனாம். காய்ச்சல் மூளைக்கு ஏறிப்போச்சு எண்டு கிறிஸ்ரினா பயந்து போனா.

"இல்லையப்பா" எண்டு சொல்லிப்போட்டுத்தான் அவவுக்குக் கொட்டகைக் கதையைச் சொல்லியிருக்கிறான். கலியாணம் முடிச்சு இவ்வளவு காலத்துக்குப் பிறகு. அவ கேட்டாவாம், "அவ்வளவு துக்கத்தை ஏன் ஆட்டப்பாட்டாக்கினீங்கள்?" அதுக்கு அவன் சொன்னதை அவ எனக்குச் சொன்ன மாதிரியே எழுதுறன். உன்ர அன்னம் அக்காவுக்குச் சொல்லு.

"அழுகிற பாட்டெண்டால் ஒருக்காப் போட்டிட்டு விட்டிடுவாங்கள். ஆடுற பாட்டெண்டால் ஒவ்வொரு நாளும் ஆராவது கடிதம் போட்டுக் கேட்பினம், வானொலியில திருப்பித் திருப்பிப் போடுவாங்கள். கடலுக்கு அங்காலயும் கேட்கும். எந்த ஊரில இருக்கிறாள் எண்டே தெரியாதவளுக்கு நான் வேற எப்பிடிச் சேதி அனுப்புறது?"

சேதி மூண்டாம் சரணத்தில இருக்கு. நான் நூறு மேடையில பாடினனான், ஒரு நாளும் யோசிச்சுப் பார்க்கேல்லை.

வாடை போய்ச் சோளகம் வரட்டும் கொழுந்தே
வள்ளத்தில் நான் வருவன் கொழுந்தே
மண்டபத்துக் கரையில் நில்லு கொழுந்தே
மாதாவே சாட்சி சொல்லும் கொழுந்தே

அவன் போயும் இருக்கிறான். எழுபத்திநாலில இரண்டு கிழமை ஆளைக் காணாமல் அம்மா அழுதுகொண்டு திரிஞ்சது உனக்கு ஞாபகம் இருக்கும். சேலைக் கடத்தலுக்குப் போட்டான் எண்டு அப்பு அவனை அடிச்சவர். அவன் மண்டபம் கேம்பில நிண்டு தேடியிருக்கிறான். அந்தக் கூட்டத்தை மலைக்குக் கொண்டு போட்டாங்கள் எண்டு மட்டும் சொல்லியிருக்கிறாங்கள். எந்த மலை எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லையாம். அப்புவின்ர அடியை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவன்.

என்ர சேதித் துண்டு அவனிட்டப் போகேல்லை. கொழுந்து கனடாவில இருக்கிறா எண்டு தெரியாமலே போயிட்டான்.

அடுத்த நாளும் கப்பல் வரேல்லை. அதுக்கடுத்த நாள் காயம் அழுகி மணக்கத் தொடங்கிவிட்டது. கிறிஸ்ரினாவின்ர மடியிலதான் உயிர் போனது. பக்கத்தில இருந்தவை கையாலயே மணலைக் கிண்டி அடக்கம் செய்தவை. வளர்ந்த தாழம் பத்தை ஒண்டுக்குக் கிட்ட எண்டு சொல்லுறா. இப்ப அங்க ஒருத்தரையும் விடுறதில்லை.

இனிப் பூசையைக் குடு. அவன்ர பேரைச் சொல்லிக் குடு.

அண்ணன்,
றெமிஜியஸ்

*

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
13 டிசம்பர் 2009

அன்பான பெரியண்ணைக்கும் கிறிஸ்ரினா மச்சாளுக்கும்,

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருக்கிறீங்கள் எண்டது ஒண்டுதான் எனக்கு இப்ப ஆறுதல். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மச்சாளுக்குச் சத்தான சாப்பாடு குடுங்கோ.

பூசை குடுத்திட்டன். உத்தரிக்கிற ஆன்மாக்களின்ர மாதம் எண்டபடியால் சுவாமி நீளப் பட்டியல் வாசிச்சவர். எல்லாம் வன்னிப் பேர்கள். அகஸ்ரின் எண்டு வாசிக்கேக்க அன்னம் அக்கா எனக்குப் பக்கத்தில முழங்காலில நிண்டா. ஹரிஷும் வந்திருந்தார். பின்னால ஜக்கெற்றோட நிண்டு தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரேக்க அவர்தான் கார் ஓடினவர்.

உங்கட கடிதத்தை அதுக்கு முதலே அவவுக்கு வாசிச்சுக் காட்டிட்டன். கடற்கரையில கிடத்தின இடம் வரைக்கும் தலையைக் குனிஞ்சு கேட்டா. மூண்டாம் சரணத்தை வாசிக்க, "திரும்பப் படி" எண்டா. படிச்சன். இன்னொருக்கா எண்டா.

"இப்பிடி ஒரு அடி அதுல இருந்துச்சா?"

"இருந்ததக்கா. எல்லாருக்கும் பாடம்."

"எனக்குத் தெரியாதே. கொழுந்தேன்னு ஆரம்பிச்சதும் நான் அணைச்சிருவேனே. டீக்கடையில கேட்டா காதப் பொத்திக்கிட்டு ஓடியிருக்கேன். ஒரு நாளுகூட முழுசாக் கேக்கலையே றெஜினா." சத்தம் போட்டு அழேல்லை. தன்ர இரண்டு கையையும் விரிச்சு வைச்சு அதையே பார்த்துக்கொண்டிருந்தா.

நான் பாட்டைப் போடட்டோ எண்டு கேட்டன். வேண்டாம் எண்டா. இண்டைக்கு வரைக்கும் கேட்கேல்லை.

பூசைக்குப் பிறகு இரண்டு கிழமை அவ வரேல்லை. நான் போய்த் தட்டினால் தலையிடி எண்டு ஹரிஷ் சொல்லுவார். போன ஞாயிறு தானாய் வந்தா. தலை இழுத்துக் கட்டி, நல்ல சீலை உடுத்து. "உங்க அண்ணிகிட்ட நான் பேசணும்" எண்டா. மச்சாளுக்கு இது பிடிக்குமோ எண்டு நான் தயங்கினன். "புடிக்கலன்னா வச்சிடட்டும். கடைசில அவரு தலைய மடியில வச்சிருந்தவங்க. அவங்ககிட்ட நான் பேசணும்."

மச்சாள் உங்களுக்குச் சொல்லியிருப்பா, ஆனால் இஞ்சத்தப் பக்கத்தை நீங்களும் தெரிஞ்சு வைச்சிருங்கோ. நான் ரெலிபோன் காட்டைச் சுரண்டி நம்பரைக் குத்தி, கதைச்சுப்போட்டு, "மச்சாள், கொழுந்து கதைக்கப் போறா" எண்டு சொல்லி றிசீவரைக் குடுத்தன். அன்னம் அக்கா அதை இரண்டு கையாலயும் பிடிச்சா.

"நான்தாம்மா" எண்டா.

அவ்வளவுதான். அழத் தொடங்கிவிட்டா. அங்கால மச்சாள், "சாப்பிட்டிட்டீங்களோ அக்கா?" எண்டு கேட்டது எனக்கும் கேட்டுது. அதோட மச்சாளும் உடைஞ்சு போனா. பிறகு இரண்டு பக்கத்தாலும் அழுகைதான். நான் குசினிக்குள்ள போய் நிண்டன். திரும்பி வந்து பார்க்கேக்கயும் அப்பிடியே. கன நேரத்துக்குப் பிறகு இங்கிலீசில ஒரு பொம்பிளைக் குரல் ஏதோ சொன்னது, லைன் அறுந்தது. காட் முடிஞ்சு போச்சு.

அன்னம் அக்கா மூக்கைச் சீறித் துடைச்சா. றிசீவரை வைக்காமல் என்னைப் பார்த்தா.

"இன்னொரு கார்டு வாங்கிட்டு வா றெஜினா. நான் இன்னும் அவங்ககிட்ட ஒண்ணுமே பேசல."

வெளியில இந்த வருசத்து முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பிளாசாவுக்கு நடந்தன்.

உங்கட இரண்டு பேரின்ர சுகத்துக்கும் எழுதுங்கோ.

தங்கச்சி,
றெஜினா